பந்தாட்ட நாளும் பக்கத்துத் தெருவும்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் ஆண்டுக்கு இருபத்தைந்து, முப்பது முறை, ஒவ்வொரு முறையும் ஐம்பதாயிரம் அறுபதாயிரம் பேராக, அழையாமலே வந்து, வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகும் விருந்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அத்தகைய விருந்தை நூறாண்டுகளுக்கு மேலாகத் தாங்கிவரும் தெருக்கள் இங்கிலாந்து நாட்டில் பல உண்டு. அவற்றுள் லிவர்பூல் நகரின் வடபகுதித் தெருக்களைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறோம்.

கால்பந்தில் பெருவிருப்பமுள்ள இளைஞர் நம் குடும்பங்களில் நிறைய இருக்கின்றனர். ஆன்பீல்டு அரங்கின் பச்சைப் புல்லும் சிவப்புக் கொடிகளும் தொலைக்காட்சி வாயிலாக அவர்களுக்கு நன்கு பழக்கம். அரங்கின் மதிலுக்கு வெளியே, கதவைத் திறந்தால் நேரே தெருவில் கால் வைக்க வேண்டிய சிறு வீடுகளில் வாழ்வோரைக் காமிரா காட்டுவதில்லை. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அவர்களது தெரு எப்படி இருக்கும் என்பதைக் கேட்டறிந்தால், வெற்றி தோல்விக் கணக்கில் சேராத வேறொரு கணக்கு உண்டு என்பது விளங்கும்.

லிவர்பூல் நகரில் பேர்பெற்ற கழகங்கள் இரண்டு. இன்று லிவர்பூல் கழகத்தின் கோட்டையாகப் போற்றப்படும் ஆன்பீல்டில் 1884-ஆம் ஆண்டு முதன்முதலாக ஆடியது அதன் போட்டிக் கழகமாகிய எவர்ட்டன் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். மைதானத்தை வாடகைக்கு விட்டிருந்த ஜான் ஹோல்டிங் என்ற மதுபான ஆலை முதலாளிக்கும் கழகத்தாருக்கும் வாடகை முதலியவற்றில் பிணக்கு முற்றி, 1892-இல் எவர்ட்டன் கழகம் வெளியேறிற்று. காலியான மைதானத்துக்கென அதே ஆண்டில் ஹோல்டிங் உருவாக்கியதே லிவர்பூல் கழகம். வெளியேறியவர்கள் வெகுதூரம் போகவில்லை. ஸ்டான்லி பூங்காவுக்கு அப்புறம், ஒரு மைலுக்கும் குறைவான தொலைவில், குட்டிசன் பார்க் என்ற அரங்கை எழுப்பிக்கொண்டனர். ஒரு கழகம் சொந்த அரங்கில் ஆடும் நாளில் மற்றது வெளியூரில் ஆடும்படி அட்டவணை வகுப்பது வழக்கம். காவல்துறைக்கு இது வசதி. இரண்டு அரங்குகளுக்கும் நடுவே குடியிருப்பவருக்கோ இந்த வாரம் இவர்கள், அடுத்த வாரம் அவர்கள். 2025 வரை பந்தாட்டப் பருவம் முழுவதும் ஓய்வென்பதே இருந்ததில்லை.

கூட்டம் பழையது, கார் புதிது

அரங்கைச் சுற்றியுள்ள வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்தவை. ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் செங்கல் வரிசை வீடுகள். முன்னே முற்றமில்லை, பின்னே சிறு கொல்லை, அதற்கும் பின்னே ஒரு சந்து. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்த மக்கள் குடியிருக்கக் கட்டிய வீடுகளில் காருக்குக் கொட்டகை எங்கிருந்து வரும்? அன்று காரே இல்லையே!

இவ்வீடுகளுள் பலவற்றின் முகப்பு ஏறக்குறைய 15 அடி அகலம். ஒரு கார் சாலையோரமாக ஒதுங்கி நிற்கவும் பிறகு வெளியேறவும் 18 அடியாவது வேண்டும். ஆகவே ஆட்டமே இல்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமையிலும், வீட்டுக்கு ஒரு கார் என்று வைத்துக்கொண்டால் அத்தெருவில் எல்லாருக்கும் இடம் போதாது. ஊராருக்கே போதாத இடத்தில்தான் வெளியூரார் வந்து இறங்குகின்றனர்.

கூட்டம் மிகுந்துவிட்டதால்தான் இந்தத் தொல்லை என்று சிலர் எண்ணுவர். அப்படியன்று. 1948 செப்டம்பர் 18-ஆம் நாள் இவ்விரு கழகங்களும் மோதிய ஆட்டத்தைக் காணக் குட்டிசன் பார்க்கில் திரண்டவர் 78,299 பேர். ஆன்பீல்டில் மிகப் பெரிய கூட்டம் கூடியதும் 1952-இல்தான். அன்று வந்தவர் 61,905 பேர். இன்றைய கூட்டத்துக்கு அவை எள்ளளவும் குறைந்தவை அல்ல. அவ்வளவு பேரும் எப்படி வந்தனர்? டிராமில் வந்தனர், பஸ்ஸில் வந்தனர், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து துறைமுகத்திலிருந்து நடந்தே வந்தனர். சைக்கிளில் வந்தவர் பலர். இங்கிலாந்தின் பல ஊர்களில் அரங்கை அடுத்த வீட்டுக்காரர் தம் கொல்லைப்புறத்தைத் திறந்துவிட்டு, சைக்கிளுக்கு இத்தனை பென்னி என்று வாங்கிக்கொண்டு ஆட்டம் முடியும்வரை பாதுகாத்துத் தருவது வழக்கமாயிருந்தது. ஆட்ட நாள் அவ்வீட்டாருக்கு வருமான நாள். அரங்குக்கு வந்தவனும் வீட்டுக்காரனும் முகம் பார்த்துப் பேசிய நாள்.

லிவர்பூலில் கடைசி டிராம் ஓடியது 1957 செப்டம்பரில். குட்டிசன் பார்க்குக்கு அணித்தே இருந்த வால்ட்டன்-ஆன்பீல்டு ரயில் நிலையம் அதற்கு முன்பே, 1948-இல், வழக்கமான பயணிகளுக்கு மூடப்பட்டது. கூட்டத்தை ஏற்றி வந்த வண்டிகள் இவ்வாறு ஒவ்வொன்றாக மறைந்தபோது கார் மலிந்தது. அரங்கும் விரிந்தது. 45,000 பேர் அமர்ந்திருந்த ஆன்பீல்டில் 2016-இல் ஒரு பக்கமும் 2024-இல் இன்னொரு பக்கமும் விரிவாக்கப்பட்டு, இப்போது 61,000 பேர் அமரலாம். தெருவோ ஓர் அடியும் விரியவில்லை.

கணக்குக்காக மட்டும் ஒன்று சொல்கிறோம். 61,000 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் காரில் வருவதாகவும், காருக்கு மூவராக வருவதாகவும் வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 6,800 கார்கள் ஆகும். காருக்கு 18 அடி வீதம் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் 23 மைல் நீளச் சாலையோரம் வேண்டும்!

கார்கள் வந்த காலத்தில் அத்தெருச் சிறுவருக்கும் ஒரு தொழில் வந்தது. வண்டியை நிறுத்தி இறங்குபவரிடம் ஓடிச்சென்று, "ஐயா, உங்கள் காரைப் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுச் சில்லறை வாங்கும் தொழில் அது. கொடுக்காவிட்டால் திரும்பி வரும்போது காரில் கீறல் விழுந்திருந்தாலும் இருக்கும்! அந்நகரத்தார் சொல்லிச் சிரிக்கும் பழங்கதை ஒன்றுண்டு. "தேவையில்லை தம்பி, காருக்குள் என் வேட்டை நாய் இருக்கிறது" என்றாராம் ஒருவர். சிறுவன் சற்றும் தயங்காமல், "அப்படியா? உங்கள் நாய்க்குத் தீயணைக்கத் தெரியுமா?" என்றானாம். சிரித்துவிட்டுப் போகலாம். ஆயினும் ஏழைத் தெருவுக்கு வந்து காசு செலவழிக்காமல் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவரிடம் அச்சிறுவன் கேட்டது ஒருவகை வாடகை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இரவு ஆட்டம் என்றால் துன்பம் இரட்டிப்பு. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வருபவர் தம் தெருவிலும் அடுத்த தெருவிலும் இடமின்றிச் சுற்றிச் சுற்றி வருகிறார். இடம்பிடிக்க வீட்டு வாசலுக்கு நேரே சாலையில் குப்பைத் தொட்டியையோ பழைய நாற்காலியையோ வைத்துவிட்டுப் போகும் வழக்கமும் ஏற்பட்டது. சட்டப்படி அது தவறு. உண்மையில் சட்டம் இவ்விடத்தில் குடியிருப்போருக்கு அத்தனை துணை நிற்பதில்லை. என் வீட்டு வாசல், ஆகவே அது என் இடம் என்று இங்கிலாந்தில் யாரும் வழக்காட முடியாது; சாலை பொதுச் சாலை. வரி செலுத்தி ஓட்டிவரும் எந்தக் காரும், தடைக்கோடு இல்லாத இடத்தில் நிற்கலாம். கார் ஏறிச்செல்லத் தாழ்த்திக் கட்டிய நடைபாதை விளிம்பை மறித்தால் மட்டும் குற்றம். கொட்டகையே இல்லாத வீடுகளுக்கு அத்தகைய விளிம்பும் கிடையாது. நடைபாதையின்மேல் காரை ஏற்றி நிறுத்துவதை லண்டன் மாநகரில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுத்தது; பிற நகரங்களுக்கு அந்தத் தடை அப்போது நீட்டப்படவில்லை. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாயும், சக்கர நாற்காலியில் செல்பவரும் நடுச்சாலையில் இறங்க வேண்டியதாயிற்று.

இருபுறமும் கார்கள் நின்ற பிறகு நடுவே எஞ்சும் வழி எவ்வளவு? தீயணைப்பு வண்டி செல்ல 3.7 மீட்டர், அதாவது ஏறக்குறைய 12 அடி வேண்டும் என்பது அந்நாட்டுக் கட்டட விதிக் குறிப்புகள் கூறும் அளவு. பழைய தெருக்கள் பலவற்றில் ஆட்ட நாளன்று அந்த 12 அடி தேறாது.

ஞாயிற்றுக்கிழமையும் தப்பவில்லை. இங்கிலாந்தில் தொழில்முறைக் கழகங்கள் ஞாயிறன்று ஆடத் தொடங்கியது 1974 ஜனவரியில். மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு வந்த ஏற்பாடு அது. 1992-இல் புதிய முதன்மைக் குழுப்போட்டி ஏற்பட்டுத் தொலைக்காட்சிப் பணம் பெருகியதும் ஞாயிறு ஆட்டம் வாடிக்கையாயிற்று. ஆட்டம் எந்நாள், எத்தனை மணிக்கு என்பதைத் தொலைக்காட்சிக்காரரே நிர்ணயிக்கின்றனர். பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் கத்தோலிக்கர் வேரூன்றிய வடபகுதி அது. திருப்பலிக்குக் காரில் அழைத்து வரப்பட வேண்டிய பாட்டிமார், ஆட்டம் எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கோவிலில் முன்கூட்டியே குறித்த திருமணத்தின்மேல், ஆறு வாரத்துக்கு முன் மாற்றப்பட்ட ஆட்டம் வந்து விழுவதும் உண்டு. இப்போதோ பந்தாட்டம் ஓய்ந்த கோடையிலும் அமைதி இல்லை. 2024 ஜூனில் டெய்லர் ஸ்விஃப்ட் என்ற பாடகி ஆன்பீல்டில் தொடர்ந்து மூன்று இரவுகள் பாடினார்.

சீட்டு வந்த பின்

குடியிருப்போரின் நெடுநாள் முறையீட்டுக்குப் பிறகு அரங்குகளைச் சூழ்ந்த தெருக்களில் நகர மன்றத்தார் அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தனர். ஆட்ட நாளில் குறிப்பிட்ட நேரங்களில் சீட்டு உள்ள கார் மட்டுமே அங்கே நிற்கலாம், மற்றவற்றுக்கு அபராதம். வீட்டாருக்குச் சீட்டு, வந்து போகும் விருந்தினருக்கென அளவாகச் சில சீட்டுகள். லிவர்பூலில் மட்டுமன்று, பெரிய அரங்குகள் உள்ள நகரங்கள் பலவற்றிலும் இன்று இதுவே மருந்து.

மருந்து நோயைத் தணித்தது என்பதை மறுக்கலாகாது. சீட்டுத் தெருக்களில் குடியிருப்பவர் அதை இழக்க விரும்பமாட்டார். ஆனால் விரட்டிய கார் ஆவியாகிவிடுவதில்லை. சீட்டுப் பகுதி எந்தத் தெருவோடு முடிகிறதோ அதற்கு அடுத்த தெருவில் போய் நிற்கிறது. நேற்றுவரை தொல்லையறியாத அத்தெருவார் தமக்கும் சீட்டு கேட்கின்றனர், எல்லைக்கோடு நகர்கிறது, அதற்கும் அப்பாலுள்ள தெருவுக்குப் பங்கு வருகிறது.

இன்னொரு சங்கடம் இதைவிடக் கூர்மையானது. அயலானைத் தடுக்க வைத்த வேலி மகனையும் தடுக்கிறது. தனியே வாழும் முதியவரைப் பார்க்க ஞாயிறுதோறும் வரும் மகள், காலையும் மாலையும் வந்து குளிப்பாட்டி மருந்து கொடுக்கும் பணிப்பெண், குழாய் பழுதுபார்ப்பவர், இவர்களில் யாருக்கும் நிலையான சீட்டு இல்லை. வீட்டில் கார் இல்லாத முதியவரே மிகுந்த இடர்ப்படுபவர். அவருக்குத் தேவை நிறுத்துமிடம் அன்று, தம்மிடம் வருவோருக்கு வழி. சவ வண்டியும் அதன்பின் துக்கம் கொண்டாட வரும் உறவினர் வண்டிகளும், அவஸ்தைப் பூசுதலுக்கு விரையும் குருவின் காரும் சீட்டு வாங்கிக்கொண்டா வரும்? கெடுபிடி இல்லாத அதிகாரி கண்டும் காணாமல் விடுவார்தான். ஒருவருடைய இறுதி நேரம் ஓர் அதிகாரியின் தாராள மனத்தை நம்பியிருப்பது முறையன்று.

நம் கருத்து யாதெனில், குடியிருப்போரின் உரிமையைக் கார் நிறுத்தும் உரிமையாகக் கொண்டு வாதாடுவதே வழக்கை வலுவிழக்கச் செய்கிறது. பொதுச் சாலையில் 18 அடியைத் தனதென்பவனிடம், 'காரே இல்லாதவனுக்கு என்ன தருவாய்?' என்று எதிர்க்கேள்வி கேட்க இடமுண்டு. தன் வீட்டுக்கு உதவி வந்து சேர வேண்டும் என்று கேட்பவரிடம் அவ்வாறு மறுத்துப் பேச யாராலும் இயலாது. சீட்டு வழங்குவோர் முதலில் எண்ண வேண்டியது பணிவிடைக்கு வருவோரை. அதன்பிறகே வீட்டிலுள்ள இரண்டாவது காரை. பல நகர மன்றங்கள் முதுமைப் பராமரிப்பாளருக்குத் தனிச் சீட்டு கொடுக்கத் தொடங்கியிருப்பதை நாம் வரவேற்கிறோம்.

சீட்டுக்குக் கட்டணம் வாங்கும் ஊர்களும் உண்டு. 'தொல்லை கொடுப்பவன் ஒருவன், பணம் கட்டுபவன் வேறொருவனா?' என்று குடியிருப்போர் கேட்பது நியாயமே. லண்டனின் பார்னெட் பகுதியில் 2011-இல் முதல் காருக்கான ஆண்டுச் சீட்டை 40 பவுனிலிருந்து 100 பவுனாக உயர்த்தினர். அரங்கை முன்னிட்டு வந்த உயர்வன்று அது. வேறு சாலைச் செலவுகளுக்குப் பணம் தேடுவதே நோக்கம். குடியிருப்பவர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். நிறுத்துமிடச் சட்டம் வருவாய் திரட்டுவதற்கான வரிச்சட்டம் அன்று, ஆகவே அவ்வுயர்வு செல்லாது என்று 2013-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனிமனிதர் ஒருவர் நகர மன்றத்தை வென்ற செய்தி ஆதலின் குறிப்பிட்டோம்.

சீட்டு முறை எங்கே நன்றாக நடக்கிறது என்று பார்த்தால், ரயில் இருக்கும் இடத்தில். லண்டன் இஸ்லிங்டனில் ஆர்சனல் கழகம் 2006-இல் தன் பழைய அரங்கிலிருந்து சில நூறு கஜம் தள்ளி 60,000 பேருக்குப் புதிய அரங்கு கட்டியபோது, பார்வையாளர் கார்களுக்கென்று பெரிய நிறுத்துமிடமே அமைக்கவில்லை. சுற்றிலும் நடக்கும் தொலைவில் பல ரயில் நிலையங்கள். தெருக்களிலோ கண்டிப்பான சீட்டு. 'காரில் வராதே' என்று சொல்ல அவர்களால் முடிந்தது, வேறு வழி இருந்ததால். ஆன்பீல்டுக்கு அருகில் அப்படி ஒரு நிலையம் இல்லை. வேறு வழி தராமல் தடை மட்டும் போட்டால், வருபவன் வேறொருவன் வாசலைத் தேடுகிறான்.

நம் மக்களுக்கும் இதில் பங்குண்டு. 90,000 பேர் அமரும் வெம்பிளி அரங்கு 2007-இல் புதிதாகத் திறக்கப்பட்டது. அதைச் சூழ்ந்த வெம்பிளி, ஆல்பர்ட்டன் பகுதிகளில் ஈழத்திலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழ்கின்றன. அங்கே நிகழ்ச்சி நாள் கட்டுப்பாடு அரங்கிலிருந்து வெகுதூரம் பரந்து கிடக்கிறது. நாட்காட்டியில் நல்ல நாள் பார்ப்பதோடு அரங்கின் நிகழ்ச்சிப் பட்டியலையும் பார்த்த பின்னரே அவர்கள் பிள்ளையின் ஞானஸ்நான விருந்துக்கு நாள் குறிக்க வேண்டியிருக்கிறது. பட்டியல் பாராமல் குறித்தால், வந்த உறவினர் வாழ்த்தோடு அபராதச் சீட்டும் பெற்றுச் செல்வர்.

துறைமுகத்தில் புதிய அரங்கு

எவர்ட்டன் கழகத்தின் ஆடவர் அணி 2025 மே 18-ஆம் நாள் குட்டிசன் பார்க்கில் தன் கடைசி ஆட்டத்தை ஆடிற்று. 133 ஆண்டுகள் கழித்து மீண்டும் இடமாற்றம். இம்முறை பூங்காவைத் தாண்டி அல்ல. 1848-இல் திறக்கப்பட்ட பிராம்லி-மூர் என்ற பழைய கப்பல்துறையைத் தூர்த்து, மெர்சி ஆற்றங்கரையில், ஏறத்தாழ 53,000 பேருக்கு ஓர் அரங்கு. குட்டிசன் பார்க்கை இடித்துவிடும் எண்ணம் கைவிடப்பட்டு, பெண்கள் அணி அங்கே ஆடுகிறது. அதற்கு வரும் கூட்டம் பழைய கூட்டத்தில் சிறு பங்கே.

ஆகவே குட்டிசனைச் சுற்றிய தெருக்களில் சனிக்கிழமை கார் நெரிசல் குறைந்தது. அதோடு வேறொன்றும் குறைந்தது. ஆட்ட நாள் வியாபாரத்தை நம்பியிருந்த உணவுக்கடைகள், மதுச்சாலைகள், கொடியும் கழுத்துத் துணியும் விற்றவர்கள் ஆகியோருக்கு வாடிக்கையாளர் இல்லை. தொல்லை என்று சொன்ன கூட்டமே சிலருக்குச் சோறு போட்டது. சைக்கிளுக்குப் பென்னி வாங்கிய பழைய கொல்லைகளை இங்கே நினைத்துக்கொள்கிறோம். அத்தெருக்களில் கூட்டத்தை வெறுத்தவரும் கூட்டத்தால் பிழைத்தவரும் பல வேளைகளில் ஒரே குடும்பத்தினர்.

துறைமுகப் பக்கத்திலோ கதை புதிதாகத் தொடங்கிற்று. அங்கு வீடுகளைவிடப் பட்டறைகளும் கிடங்குகளும் மிகுதி. பழைய தெருக்கள் பட்ட பாட்டைக் கண்டிருந்த நகர மன்றத்தார் இம்முறை முந்திக்கொண்டு, அரங்கிலிருந்து ஏறத்தாழ அரைமணி நேரம் நடக்கும் தொலைவுவரை ஆட்ட நாள் கட்டுப்பாட்டைச் சோதனை முறையில் 2025-இல் நடைமுறைப்படுத்தினர். உடனே எழுந்தது எதிர்ப்பு. தொழிலாளியும் வாடிக்கையாளரும் எங்கே வண்டியை நிறுத்துவது என்று அப்பகுதித் தொழில் நடத்துவோர் கேட்டனர். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுகிறதே என்பதுதான் அவர்கள் குறை. ஆன்பீல்டில் கட்டுப்பாடு தாமதமாய் வந்ததால் மக்கள் நொந்தனர். இங்கே முன்னதாக வந்ததால் நொந்தனர். இரண்டு வருத்தத்துக்கும் வேர் ஒன்றே. ஐம்பதாயிரம் பேருக்கு இடம் கட்டும்போது அவர்கள் வந்து போகும் வழியை அரங்கின் ஒரு பகுதியாக யாரும் எண்ணுவதில்லை. புல்லுக்கும் இருக்கைக்கும் விளக்குக்கும் கணக்குப் பார்க்கும் கழகம், வழியை நகர மன்றத்தின் தலையில் வைக்க, நகர மன்றம் அதைத் தெருவாசியின் வாசலில் வைக்கிறது. ஆட்டச் சீட்டின் விலையிலேயே பஸ் ரயில் கட்டணத்தையும் சேர்த்துவிடும் வழக்கம் ஜெர்மனியின் கழகங்கள் பலவற்றில் நெடுங்காலமாக இருக்கிறது. பெரும்பணம் புழங்கும் இங்கிலாந்தின் கழகங்களுக்கு அது இயலாத காரியமன்று.

இந்தப் புதிய அரங்கின் வாசல் துறைமுகச் சாலையைப் பார்த்திருக்கிறது. 1893-இல் திறந்த ஓர் உயர்பாலத்து ரயில் ஒருகாலத்தில் அச்சாலையை ஒட்டியே ஓடிற்று. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கி நடந்த துறைமுகத் தொழிலாளர் அதைத் தங்கள் குடை என்று அழைத்தனர். துருப்பிடித்த பாலத்தைப் பழுதுபார்க்கப் பணம் இல்லையென்று 1956 டிசம்பர் இறுதியில் அதை மூடி, அடுத்த ஆண்டில் பிரித்தெடுக்கத் தொடங்கினர். இன்று ஆட்டம் காண வருவோர் சாண்ட்ஹில்ஸ் நிலையத்தில் இறங்கிக் கால்மணி நேரம் நடக்கின்றனர். ஆட்டம் முடிந்தபின் அதே நிலையத்துக்கு வெளியே, தடுப்பு வேலிகளுக்கிடையே, மழையில் வரிசையாக நின்று ரயிலுக்குக் காத்திருக்கின்றனர்.